எழுத்தின் பெயரும் எழுத்தின் ஒலியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் வாழ்ந்த முஸ்லிம்களிடையே தோன்றிய சீர்திருத்தவாதிகளை வரலாற்று நூல்கள் 'ஜதீதுகள்' எனக் குறிப்பிடுகின்றன. இப்பெயரைக் கேட்டதும் பத்திரிகைகள், நாடகங்கள், அரசியல் சங்கங்கள், புகாரா அமீருக்கு எதிரான கிளர்ச்சி ஆகியவை வாசகர் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் சிறுபிள்ளைகள் பாயில் அமர்ந்து அலிஃப், பே ஓதிக்கொண்டிருந்த மக்தபிலேதான் அப்பெயர் பிறந்தது. 'உஸூலே ஜதீத்', அதாவது 'புதிய முறை' என்ற தொடர், முதலில் ஒரு பிள்ளைக்கு எழுத்தை வாசிக்கக் கற்பிக்கும் முறையையே குறித்தது. அம்முறையைக் கைக்கொண்டோர் ஜதீதுகள் ஆயினர். மறுத்தோர் கதீமுகள், பழைய முறையினர், எனப்பட்டனர்.

இவ்வளவு சிறிய ஒரு செய்தி, கிரிமியாவிலிருந்து கஸான் வரையிலும் புகாரா வரையிலும் முஸ்லிம் சமுதாயத்தை இரு அணிகளாகப் பிரித்தது ஏன்? அம்முறை உண்மையிலேயே புதியதுதானா? அதைக் கற்பிக்க முன்வந்த ஆசிரியர்கள் கற்பிக்கும் கலையை எங்கிருந்து பெற்றனர்? இம்மூன்று வினாக்களும் கடந்த காலத்தோடு முடிந்துவிடுபவை அல்ல. நம் பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் சென்றுவரும் மக்தபுகளுக்கும் உரியவை.

பழைய மக்தபின் பாடம்

மத்திய ஆசியாவின் பழைய மக்தபில் பிள்ளை முதலில் எழுத்துக்களின் பெயர்களை வரிசையாக மனனம் செய்தது. பின்னர் உயிர்க்குறிகளின் பெயர்கள் வந்தன. 'அலிஃப் ஸபர் அ, அலிஃப் ஸேர் இ, அலிஃப் பேஷ் உ' என்ற ஓசை அங்கும் ஒலித்தது. நம் ஊர் மக்தபுகளில் ஓதியோர் இதனை உடனே அடையாளம் கண்டுகொள்வர். பாரசீகக் கல்வி மரபு பரவிய நிலமெங்கும் ஸபர், ஸேர், பேஷ் என்னும் பெயர்களும் பரவின.

இம்முறையில் 'கதப' என்ற மூன்றெழுத்துச் சொல்லை வாசிக்க வேண்டுமாயின், 'காஃப் ஸபர் க, தே ஸபர் த, பே ஸபர் ப' என்று கூறி முடித்த பின்னரே 'கதப' என்ற சொல் வெளிவரும். தேவையான ஒலிகள் மூன்று. அவற்றை அடையப் பிள்ளை எழுத்தின் பெயர் ஒன்றையும் குறியின் பெயர் ஒன்றையும் மும்முறை உச்சரித்து, மும்முறையும் அவற்றைக் கைவிட வேண்டும். 'காஃப்' என்ற பெயரினுள் 'க்' எனும் ஒலி எங்கே ஒளிந்துள்ளது என்பதை எவரும் சொல்லித்தருவதில்லை. கூர்மையான பிள்ளை தானே கண்டுகொண்டது. ஏனைய பிள்ளைகள் ஓசையை மட்டும் பற்றிக்கொண்டன.

எழுத்துப் பாடம் முடிந்ததும் குர்ஆனின் ஏழிலொரு பகுதியான 'ஹஃப்த்யக்', அதன்பின் 'சஹார் கிதாப்', ஹாஃபிஸ், பேதில் போன்ற பாரசீக நூல்கள் என்று பாடம் நகர்ந்தது. ஒரே அறையில் பல வயதுப் பிள்ளைகள் இருந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் பாடத்தை உரக்க ஓத, கலீஃபா எனப்பட்ட மூத்த மாணவர் இளையோரின் பாடத்தைக் கேட்டார். இம்முறையில் ஓதிய ஸத்ருத்தீன் ஐனி, பிற்காலத்தில் 'மக்தபே குஹ்னா' என்ற பெயரில் அந்தப் பழைய பள்ளியைப் பற்றி எழுதினார். ஆண்டுக்கணக்கில் ஓதிய பிள்ளை, ஓதிய பக்கத்தைத் தங்குதடையின்றி ஒப்பித்தது. முன்பின் பார்த்திராத ஒரு வரியைக் கொடுத்தால் தடுமாறியது. ஜதீதுகளின் முதன்மையான குற்றச்சாட்டு இதுவேயாகும்.

எழுத்தின் பெயர் வேறு, அதன் ஒலி வேறு. பிள்ளைக்கு முதலில் தேவை ஒலியே என்பது அவர்களின் வாதம். இதனை ஐரோப்பியரிடம் இரவல் பெற்ற கருத்து என எதிரணியினர் கூறினர். அக்கூற்றைச் சோதிக்க நாம் பஸராவுக்குச் செல்ல வேண்டும்.

பஸராவில் எழுந்த கேள்வி

ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இமாம் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) ஒருநாள் தம் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். 'லக்க' என்ற சொல்லில் உள்ள காஃபையும் 'ளரப' என்ற சொல்லில் உள்ள பாவையும் தனித்து உச்சரிப்பதாயின் எவ்வாறு உச்சரிப்பீர்கள் என்பது அக்கேள்வி. மாணவர்கள் 'காஃப்' என்றும் 'பா' என்றும் விடையளித்தனர். நீங்கள் கூறியது எழுத்தின் பெயரே, எழுத்தை நீங்கள் உச்சரிக்கவில்லை என்று திருத்திய இமாம், தாம் 'கஹ்' என்றும் 'பஹ்' என்றும் கூறுவதாக விளக்கினார். அவருடைய மாணவர் ஸீபவைஹி இந்த உரையாடலைத் தமது 'அல்கிதாப்' நூலில் பதிவு செய்துள்ளார். எழுத்தின் பெயரையும் ஒலியையும் பிரித்தறியும் பாடம் அரபு இலக்கணத்தின் முதற்பெரும் நூலிலேயே இடம்பெற்றுவிட்டது.

கலீல் (ரஹ்) தம் அகராதியான 'கிதாபுல் ஐன்' நூலை அலிஃப், பா வரிசையில் அமைக்கவில்லை. தொண்டையில் தொடங்கி உதட்டில் முடியும் பிறப்பிட வரிசையில் அமைத்தார். ஓர் எழுத்தின் மக்ரஜை அறிய, முன்னால் ஒரு ஹம்ஸாவை வைத்து, அவ்வெழுத்தை ஸுகூனாக்கி, 'அப்', 'அத்', 'அஃக்' என்று நாவில் சுவைத்துப் பார்த்தார். தமிழாசிரியர் மெய்யெழுத்தைக் கற்பிக்கையில் இகரத்தை முன்வைத்து 'இக், இங், இச்' என்று சொல்லித்தருவதும் இதே தேவையிலிருந்து பிறந்தது. எழுத்துக்களின் பிறப்பிடத்தைக் கூறப் 'பிறப்பியல்' என்று ஓர் இயலையே வகுத்த தொல்காப்பியத்தைக் கற்ற தமிழ் முஸ்லிமுக்கு, மக்ரஜ் இயல் அந்நியமாகத் தோன்ற இடமில்லை. ஹிஜ்ரி 392இல் மறைந்த இப்னு ஜின்னீ, அரபு எழுத்துப் பெயர் ஒவ்வொன்றும் அதன் சொந்த ஒலியைக் கொண்டே தொடங்குகிறது என்பதைச் சுட்டிக்காட்டினார். ஜீம் என்ற பெயரின் முதல் ஒலி 'ஜ்'. தால் என்பதன் முதல் ஒலி 'த்'. பெயருக்குள் இருக்கும் ஒலியைப் பிள்ளைக்குத் திறந்துகாட்டும் சாவியும் இதுவே.

கலீலுக்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன், அதே பஸராவில், அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) குர்ஆன் பிரதியில் உயிர்க்குறிகளை இட்ட வரலாறு நாம் அறிந்ததே. எழுத்தர் ஒருவரை அருகில் அமர்த்தி, தம் வாய் திறக்கும்போது எழுத்தின் மேலும், தாழும்போது கீழும், உதடுகள் குவியும்போது பக்கத்திலும் வேறு நிற மையால் ஒரு புள்ளி இடச் செய்தார் என வரலாற்றாசிரியர்கள் கூறுவர். ஃபத்ஹா என்றால் திறத்தல். ளம்மா என்றால் சேர்த்துக் குவித்தல். இவை வாயசைவுகளின் பெயர்கள். குறியை நிர்ணயித்தது செவியும் உதடும்தாம். அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாத மக்கள் பெருமளவில் இஸ்லாத்தில் இணைந்த காலத்தில், அவர்களுக்கு வாசிப்பு பிழையற்று அமைய வேண்டும் என்ற கவலையே இப்பணியின் பின்னணி.

ஆகவே, ஒலியிலிருந்து எழுத்துக்குச் செல்லும் வழி நம் முன்னோர் அறியாததன்று. இலக்கண அறிஞர்களின் அவையில் பேணப்பட்ட அந்த அறிவு, மக்தபின் பாய்க்கு வந்துசேரவில்லை. அறிஞரின் அறிவைச் சிறுவரின் பாடமாக மாற்றித்தரும் ஆசிரியர் இடையில் இல்லாமற்போனதே காரணம் எனலாம்.

பாக்ச்சிசராயில் நாற்பது நாட்கள்

உஸ்மானிய நாட்டில் அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியது. ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே 1848இல் இஸ்தான்புல்லில் தாருல் முஅல்லிமீன் நிறுவப்பட்டது. ஸலீம் ஸாபித் எஃபெந்தி மக்தப் ஆசிரியர்களுக்கென ஒரு வழிகாட்டி நூல் எழுதி, ஒலிமுறையையும் கரும்பலகையையும் தொடக்கப் பள்ளிக்குக் கொண்டுவர முயன்றார். இம்முயற்சிகள் நடந்த காலத்தில் இஸ்தான்புல்லில் தங்கியிருந்தவர்களுள் ஒருவர் கிரிமியாவைச் சேர்ந்த இஸ்மாயீல் கஸ்பிராலி (1851–1914).

கஸ்பிராலி ஊர் திரும்பி, கிரிமியக் கான்களின் பழைய தலைநகரான பாக்ச்சிசராயின் நகரத் தலைவராகப் பணியாற்றினார். 1883இல் 'தர்ஜுமான்' பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1884இல், அந்நகரிலேயே ஒரு மக்தபைத் திறந்து, 12 பிள்ளைகளுக்கு 40 நாட்களில் எழுதவும் வாசிக்கவும் கற்பித்துக் காட்டினார். அதற்கென 'கோஜாயே ஸிப்யான்' என்ற பாலபாடத்தையும் இயற்றினார்.

அவருடைய முறையின் கூறுகள் எளியவை. எழுத்துக்கள் அனைத்தையும் ஒருசேரக் கற்பிக்காமல், சிலவற்றின் ஒலிகளை மட்டும் முதலில் கற்பித்து, அவற்றைக் கொண்டே சொற்கள் அமைத்து வாசிக்கச் செய்தல். வாசிப்பையும் எழுத்தையும் ஒன்றாக நடத்துதல். முதல் வாசிப்பைப் பிள்ளைக்குப் பொருள் விளங்கும் தாய்மொழியில் தொடங்குதல். ஒரே நிலையில் உள்ள பிள்ளைகளை ஒரு வகுப்பாக அமர்த்திப் பாடத்தைப் பொதுவில் நடத்துதல். நேர அட்டவணையும் தேர்வும் வைத்தல். இவற்றோடு, ஆசிரியர் பெற்றோர் மனமுவந்து தரும் அன்பளிப்பையே நம்பி வாழாமல் முறையான ஊதியம் பெற வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

நாற்பது நாள் என்ற செய்தி பரவியது. பிற ஊர்களின் ஆசிரியர்கள் பாக்ச்சிசராய்க்கு வந்து, அவ்வகுப்பில் அமர்ந்து, பாடம் நடைபெறுவதைக் கண்டு, தம் ஊர்களுக்குத் திரும்பினர். புத்தகத்தை அனுப்பினால் மட்டும் போதாது என்பதை கஸ்பிராலி உணர்ந்திருந்தார். பழைய ஆசிரியரின் கையில் புதிய பாலபாடம் கிடைத்தாலும், அவர் அதையும் 'பே ஸபர் ப' என்றே ஓதுவிப்பார். ஆகவே 1898இல் 'ரஹ்பரே முஅல்லிமீன்' என்ற ஆசிரியர் கையேட்டை வெளியிட்டு, மக்தபின் ஒழுங்கையும் பாடம் நடத்தும் விதத்தையும் விளக்கினார்.

கற்பிக்கக் கற்றவர்கள்

ஒரு மதரஸா மாணவர் இம்முறையைக் கற்ற விதத்தை அறிய, புகாராவின் வரலாறு துணைபுரிகிறது. 1907 அளவில் அந்நகரில் தத்தாரியர்கள் தம் பிள்ளைகளுக்கென ஒரு புதிய முறைப் பள்ளியை நடத்தினர். புகாரா மதரஸாக்களில் உயர்கல்வி பெற்ற ஸத்ருத்தீன் ஐனியும் அப்துல் வாஹித் முன்ஸிமும் அங்குச் சென்று பாடம் நடைபெறும் முறையைக் கற்றனர். இலக்கணமும் மன்திக்கும் கற்றுத் தேர்ந்த இளைஞர்கள், எழுத்துப் பாடம் நடைபெறும் அறைக்குச் சென்று, ஒரு பிள்ளைக்கு முதல் ஒலி எவ்வாறு அறிமுகமாகிறது என்பதைக் கவனித்தனர். உயர்ந்த கிதாபுகளைக் கற்றிருப்பதும் முதல் எழுத்தைக் கற்பிக்கத் தெரிந்திருப்பதும் வெவ்வேறு அறிவுகள் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டதற்கு இதுவே சான்று.

தத்தாரிய மொழியில் அமைந்த பாடம் தாஜிக் பேசும் புகாராப் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை. எனவே 1908இல் முன்ஸிம் தம் இல்லத்திலேயே தாஜிக் மொழியில் ஒரு மக்தபைத் தொடங்கினார். ஐனி துணை நின்றதோடு, பிள்ளைகளுக்கென 'தஹ்தீபுஸ் ஸிப்யான்' என்ற வாசிப்பு நூலையும் இயற்றினார். உலமாக்களிடையே கடும் விவாதம் எழுந்து, 1909இல் அப்பள்ளி மூடப்பட்டது. 1917இல் சீர்திருத்தவாதிகள் மீது அமீரின் சீற்றம் பாய்ந்தபோது, ஐனிக்கு 75 கசையடிகள் தண்டனையாக விதிக்கப்பட்டன. அவர் பின்னாளில் சோவியத் எழுத்தாளராகிச் சென்ற திசை நமக்கு உடன்பாடானதன்று. எனினும், கற்பிக்கும் கலையைக் கற்க அவர் காட்டிய பணிவை வரலாறு மறைக்க இயலாது.

பெண்களின் பங்கும் குறிப்பிடத்தக்கது. வியாட்கா மாகாணத்தின் இஷ்-பூபி சிற்றூரில் பூபி சகோதரர்கள் நடத்திய மதரஸாவோடு இணைந்த பெண்கள் பள்ளியில், அவர்களின் சகோதரி முக்லிஸா பூபி ஆசிரியைகளை உருவாக்கினார். 1911இல் ரஷ்ய அரசு அந்த மதரஸாவை மூடியது. கதீமுகளின் எதிர்ப்பும் அரசின் சந்தேகமும் ஒருங்கே அவர்கள் மீது விழுந்தன. முக்லிஸா பின்னர் ட்ரொய்ஸ்க் நகரில் அப்பணியைத் தொடர்ந்தார். 1917இல் முஸ்லிம்களின் மார்க்க நிர்வாகத்தில் காழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1937இல் ஸ்டாலினின் ஆட்சியில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

எதிர்ப்பின் நியாயமும் பிழையும்

கதீமுகள் அனைவரையும் அறிவுக்குப் பகைவராகச் சித்திரிப்பது நேர்மையாகாது. மக்தபில் பிள்ளை பெற்றது எழுத்தறிவு மட்டுமன்று. ஆசிரியர் முன் அமரும் அதப், கலாமுல்லாஹ்வைத் தொடும் முன் ஒளுச் செய்யும் பழக்கம், சரியான நாவிலிருந்து சரியான ஓதலைச் செவிவழி பெறும் தல்கீன் ஆகியவையும் அங்கிருந்தே கிடைத்தன. வாசிப்பு 40 நாட்களில் முடியும் ஒரு கைத்தொழிலாக மாறிவிட்டால் இவை நழுவும் என்ற அச்சம் பொய்யானதன்று. தஜ்வீதைப் பொறுத்தமட்டில், எந்தப் பாலபாடமும் உஸ்தாதின் வாய்க்கு ஈடாகாது.

ஆனால் கற்பிக்கும் முறையே மார்க்கம், அதை மாற்றுவது பித்அத் என்ற வாதம் நம் வரலாற்றுக்கு முரணானது. கி.பி. 1184இல் திமிஷ்கைக் கண்ட இப்னு ஜுபைர், அங்குக் குர்ஆனை ஓதித்தருபவர் ஒருவராகவும் எழுத்தைக் கற்பிப்பவர் வேறொருவராகவும் இருந்ததையும், பலகையில் எழுதி அழிக்கும்போது குர்ஆன் வசனங்களுக்கு மரியாதைக் குறைவு நேராதிருக்கக் கவிதைகளைக் கொண்டே எழுத்துப் பயிற்சி அளிக்கப்பட்டதையும் பதிவு செய்தார். இப்னு கல்தூன், மக்ரிப், உந்துலுஸ், இஃப்ரீகிய்யா, கீழை நாடுகள் என நான்கு நிலங்களின் சிறுவர் கல்வி நான்கு விதமாக இருந்ததைத் தமது 'முகத்திமா'வில் ஒப்பிட்டார். மொழியையும் கவிதையையும் முதலில் கற்பித்து, கணிதத்துக்குப் பின்னரே குர்ஆனுக்குச் செல்லலாம் என்ற காழி அபூபக்ர் இப்னுல் அரபியின் யோசனையை எடுத்துக்கூறி, அது நல்ல யோசனையே, ஆயினும் வழக்கம் அதற்கு இடந்தரவில்லை என்றார். அவர் காட்டிய தடை வழக்கத்தினுடையது. ஷரீஅத்தின் தடை என்று அவர் கூறவில்லை.

இந்த வாதங்கள் ஓயுமுன் காலம் மாறிற்று. 1920களின் இறுதியில் சோவியத் அரசு அரபு எழுத்தையே அகற்றி லத்தீன் எழுத்தைப் புகுத்தியது. 1940ஐ ஒட்டி அதுவும் போய் சிரிலிக் எழுத்து வந்தது. 1944 மே மாதத்தில் கிரிமியத் தத்தாரியர்கள் தாயகத்திலிருந்தே நாடுகடத்தப்பட்டனர். அலிஃபை எவ்வாறு கற்பிப்பது என்று வாதிட்ட இரு அணியினரின் பேரப்பிள்ளைகளும் தம் பாட்டனாரின் கையெழுத்தை வாசிக்க இயலாதவர்களாயினர்.

கைரவானின் நிபந்தனையும் நம் மக்தபுகளும்

மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் வழக்கத்தைப் பற்றி, ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் கைரவானில் எழுதப்பட்ட முஹம்மத் இப்னு ஸஹ்னூன் (ரஹ்) அவர்களின் 'ஆதாபுல் முஅல்லிமீன்' தெளிவான விதிகளை வகுக்கிறது. குர்ஆனை முடித்து, கல்வியில் தன் தேவை நிறைவேறிய மாணவனையே ஆசிரியர் துணையாக அமர்த்தலாம். ஒரு பிள்ளையைப் பிறருக்குக் கற்பிக்குமாறு ஏவுவதாயின், அது அப்பிள்ளையின் சொந்தத் தேர்ச்சிக்குப் பயன்பட வேண்டும். அல்லது அவன் தந்தை அனுமதித்திருக்க வேண்டும். ஆசிரியர் கூலிக்கு ஒருவரை உதவிக்கு அமர்த்தினால், அவரும் தம்மையொத்த தகுதியுடையவராயிருக்க வேண்டும். ஆசிரியரின் சுமையைக் குறைக்கும் வழியாக மாணவனைப் பயன்படுத்துவதை இந்நூல் ஏற்கவில்லை. கற்பித்தல் கற்பிப்பவனையும் வளர்க்க வேண்டும் என்பதே அதன் அளவுகோல்.

இந்த அளவுகோலை நம்மீது வைத்துப் பார்ப்போம். அரபுக் கல்லூரியில் ஓதும் மாணவர் பலர், படிக்கும் காலத்திலேயோ பட்டம் பெற்ற மறுமாதமோ ஏதேனும் ஒரு மஹல்லாவின் மக்தபில் அமர்த்தப்படுகின்றனர். ஐந்து வயதுப் பிள்ளைகள் அவர் முன் அமர்கின்றனர். அவர் அல்ஃபிய்யாவையும் ஜலாலைனையும் ஓதியவர். ஆனால், ஒரு பிள்ளை 'ஜீம்' என்பதை அறிந்தும் 'ஜ' என்பதை ஏன் வாசிக்கத் தடுமாறுகிறது என்பதை அவருக்கு எவரும் விளக்கியதில்லை. மூன்றாம் நாள் குரல் உயர்கிறது, பிரம்பும் வெளிவருகிறது.

தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பள்ளிக்கூடத்தில் அது கற்கும் 'க' என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. மக்தபில் அது சந்திக்கும் எழுத்துக்கோ பெயர் வேறு, ஒலி வேறு. போதாக்குறைக்கு, ஸாத், ளாத், தா, ளா ஆகிய கனத்த ஒலிகள் தமிழ் நாவுக்குப் புதியவை. இடமிருந்து வலமாகப் பழகிய கண், வலமிருந்து இடமாகத் திரும்பவும் வேண்டும். ஒரே எழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வடிவம் மாறுவதையும் அது பழக வேண்டும். இவற்றை முன்கூட்டி அறிந்த ஆசிரியர் ஒரு நேரத்தில் ஒன்றையே கற்பிப்பார். அறியாதவர் அனைத்தையும் ஒரே மூச்சில் ஓதுவித்து, பிள்ளை மந்தம் என்று முடிவு கட்டுவார். தமிழின் ஒலிகளை அரபு எழுத்தில் அடைக்கப் புதிய புள்ளிகளைச் சேர்த்து அரபுத்தமிழைப் படைத்த முன்னோர், இரு மொழிகளின் ஒலிகளையும் எவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிந்திருந்தனர்! அந்தச் செவி நம் உஸ்தாதுகளுக்குப் பயிற்சியாகக் கிடைக்க வேண்டும்.

பாலபாடங்களுக்கு நம்மிடம் குறைவில்லை. பக்தாதிய்யாக் காயிதா, லூதியானாவின் மௌலவி நூர் முஹம்மது இயற்றிய நூரானிக் காயிதா எனப் பல உள்ளன. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அஸ்அத் ஹுமாம், எழுத்தின் பெயரை முன்வைக்காமல் நேரே ஒலியை வாசிக்கச் செய்யும் 'இக்ரஃ' முறையை 1980களின் பிற்பகுதியில் ஆறு சிறுநூல்களாக அமைத்து, அந்நாடெங்கும் பரவச் செய்தார். எந்த நூலைத் தேர்வது என்பது இரண்டாவது வினாவே. அதைக் கையில் எடுப்பவர் எங்கே பயிற்சி பெற்றார் என்பது முதல் வினா.

அரபுக் கல்லூரிகள் செய்யக்கூடியது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும், அனுபவம் மிக்க ஓர் உஸ்தாதின் மக்தபில் சில மாதங்கள் அமர வேண்டும். முதலில் பார்க்க வேண்டும். பின்னர் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு, உஸ்தாத் பார்த்திருக்கக் கற்பிக்க வேண்டும். அன்றன்று செய்த பாடத்தைப் பற்றி அவரிடம் பேசித் திருத்திக்கொள்ள வேண்டும். தஜ்வீதில் மக்ரஜ் பாடம் நடத்தும்போது, அதைச் சிறு பிள்ளைக்கு எவ்வாறு சொல்வது என்பதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். பெண்கள் மதரஸாக்களில் ஆலிமா பட்டம் பெறுவோருக்கு இது மேலும் அவசியம். வீட்டில் குழந்தையின் முதல் ஆசிரியையும் அவர்களே. மஹல்லா ஜமாஅத்துகளோ, மக்தப் உஸ்தாதின் ஊதியத்தை மிஞ்சியதிலிருந்து கொடுக்கும் பழக்கத்தை விட வேண்டும்.

முதல் எழுத்தைப் பிழையறக் கற்ற பிள்ளை, ஆயுள் முழுதும் ஓதும் ஓதலில் அதைக் கற்பித்தவருக்கும் நன்மையின் பங்குண்டு. அப்பங்கைப் பெறத் தகுதியானவர்களாக நம் மாணவர்களை ஆக்கும் பொறுப்பு, அவர்களுக்கு ஓதித்தரும் நம்மைச் சார்ந்தது. அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக!